லிஃப்டை நிறுத்தாதவர்

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். சிலர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஒரு நாள்கூட எங்கள மாடிப்படி ஏற விட்டதில்லம்மா உங்க அப்பா."

மகள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. பாவம், கை நடுங்குகிறது என்று நினைத்து அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள். நடுக்கமெல்லாம் இல்லை. வந்தவர்கள் அத்தனை பேரையும் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும்போல் இருந்தது.

நீலக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளரும் வந்தார். அந்தக் கட்டடத்தில்தான் அப்பா செத்தார். அவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அதையே சொன்னார். "எங்கள ஒரு நாள்கூட படி ஏற..."

"அன்னைக்கும் ஏறலையா சார் நீங்க?"

"என்னைக்கு?"

"அப்பா லிஃப்ட் குழிக்குள்ள கிடந்த அன்னைக்கு."

சித்தப்பா அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனார். "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட இப்படியா பேசுறது?"

"எப்படிப் பேசணும்? நீங்களே சொல்லிக் குடுங்க."

அவர் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அப்பாவை ஊரில் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். இளவயதில் ஒரு பெரிய கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகியவர். கம்பெனி விதிப்படி, பராமரிப்பு வேலை நடக்கும் நாளில் லிஃப்ட் முழுநாளும் நிற்கும். கதவில் சிவப்புப் பலகை தொங்கும். ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் நடக்க முடியாத ஒருவர் இருந்தார். அன்று அவர் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். விதியை மாற்ற முடியாது என்று கம்பெனி கையை விரித்தது. அப்பா வேலையை உதறினார். தம்பியைக் கூட்டிக்கொண்டு, ஒரு பை நிறையக் கருவிகளோடு அந்தக் கட்டடத்துக்குப் போய் நின்றார்.

"லிஃப்ட் பாட்டுக்கு ஓடட்டும். நாங்க அடியில பாத்துக்கிறோம்."

தொழில் அங்கே தொடங்கியது. ஒரு கட்டடம் அடுத்த கட்டடத்துக்குச் சொன்னது. கடைக்குப் பலகை வைத்தபோது பேருக்குக் கீழே ஒரு வரி எழுதினார்: 'உங்கள் லிஃப்ட் நிற்காது.' பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு கட்டடமாக விட்டுவிட்டுப் போயின. அந்த ஒரு வரியில்தான் வீடு எழும்பியது. அவள் மின்பொறியியல் படித்ததும் அந்த வரியில்தான்.

லிஃப்டின் கணக்கு எளிது. மேலே சக்கரத்தில் கம்பிவடம் ஓடுகிறது. அதன் ஒரு முனையில் ஆட்கள் ஏறும் கூண்டு, மறுமுனையில் இரும்பு எடை. கூண்டு ஏறினால் எடை இறங்கும். அடிக்குழியில் நிற்பவனுக்குத் தலைக்கு மேலே ஒரு எமன், முதுகுக்குப் பின்னால் ஒரு எமன். அப்பா இரண்டையும் பார்த்ததில்லை. காதால் கேட்டார். மோட்டாரின் முனகல், வடத்தின் உராய்வு, கதவு இழுபடும் சத்தம். குழிக்குள் கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப மூணு. கதவு திறக்குது. யாரோ பை வெச்சிருக்காங்க, கனம் கூடிப்போச்சு" என்பார். சின்ன வயதில் அவள் தோழிகளைக் கூட்டிப்போய் இந்த வித்தையைக் காட்டியிருக்கிறாள். கை தட்டியிருக்கிறார்கள்.

கல்லூரியில் முதல் வகுப்பிலேயே இதற்கு நேர்மாறாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மெயினை அணை. பூட்டுப் போடு. சாவி உன் சட்டைப்பையில் இருக்கட்டும். பிறகு கையை வை. அவள் வேலை பார்த்த தொழிற்சாலையில் லிஃப்டுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளை வடிவமைத்தாள். ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பாவோடு சண்டை.

"உங்க ஃபேக்டரியில ஆஸ்பத்திரிக்குப் போற நோயாளி இல்லம்மா," என்பார். சிரிப்பார். பேச்சு முடிந்துவிடும்.

அன்று இரண்டு கட்டடங்களில் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். எப்போதும் சேர்ந்தே போகிற அண்ணனும் தம்பியும் பிரிந்து போனார்கள். அப்பா நீலக் கட்டடத்துக் குழிக்குள் தனியாக இறங்கினார். யாரோ மேல்மாடிக்குப் பொத்தானை அழுத்தினார்கள். கூண்டு ஏறியது. எடை இறங்கியது. லிஃப்ட் எந்தத் தடங்கலும் இல்லாமல் மேல்மாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று விடுப்பில் வந்திருந்த அவள்தான் அப்பாவைக் குழியிலிருந்து வெளியே எடுத்தாள். பிறகு வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டாள். அம்மாவுக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை.

"இந்தப் பாழாப்போன தொழிலை யாருக்காவது வித்துத் தொலைச்சிட்டுப் போயேன்டி. உனக்கென்ன தலையெழுத்து?"

"வித்தா சித்தப்பா என்ன செய்வாரு?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பையைத் தூக்கிட்டுத் தனியாப் போவாரு. அப்பா மாதிரியே இறங்குவாரு. அடுத்தது அவருதான். அவரைக் குழியிலேருந்து வெளிய இழுக்கத்தான் நான் வந்திருக்கேன். வேற எதுக்கும் இல்ல."

அப்பன் தொழிலில் உட்காருவதன் சுகத்தை அவள் மறுக்கவில்லை. மற்றவர்கள் ஆண்டுக்கணக்காக அலைந்தாலும் திறக்காத மொட்டைமாடிக் கதவுகளின் சாவிகள் அவள் மேசையில் கொத்தாகக் கிடந்தன. காவலாளிகள் எழுந்து நின்றார்கள். "லிஃப்ட்காரர் பொண்ணு" என்றால் நாற்காலி வந்தது, டீ வந்தது. உதிரிபாகக் கடைக்காரர் விடுமுறை நாளிலும் ஷட்டரைத் தூக்கினார். பழைய லிஃப்ட் ஒவ்வொன்றின் வரலாறும் சித்தப்பாவின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்காரும்போது அவளுக்கு ஆத்திரம் வந்தது. அது எப்படிச் சம்பாதித்த மரியாதை என்று அவளுக்குத் தெரியும்.

வந்த முதல் வாரமே பலகையில் அந்த வரியை வண்ணம் பூசி அழித்தாள். சிவப்புப் பூட்டுகள் வாங்கினாள். வேலைக்குப் போகிறவர் மெயின் சுவிட்சில் தன் பூட்டைத் தானே போட வேண்டும். வேலை முடியும்வரை லிஃப்ட் நிற்கும்.

ஊர் கொதித்தது.

"அப்பா பேரைக் கெடுக்காதம்மா," என்றார் ஆசிரியை.

"என் நாய் படி ஏறாது," என்றார் ஒருவர்.

"தூக்கிட்டுப் போங்க."

"அது என்னைவிட கனம்."

"அப்ப அதை உங்களைத் தூக்கச் சொல்லுங்க."

இப்படிப் பேசினால் யார் இருப்பார்கள்? சில கட்டடங்கள் கழன்றுகொண்டன. பெரிய கம்பெனி ஆட்கள் சிரித்த முகத்தோடு ஊருக்குள் நுழைந்தார்கள். அவள் அசையவில்லை. சித்தப்பா மட்டும் ஒழுங்காகப் பூட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு போனார், வந்தார்.

"பூட்டு போட்டீங்களா சித்தப்பா?"

"போட்டேன் பாப்பா."

"மறக்கலையே?"

"அட, என்ன நீ? பள்ளிக்கூடத்துப் பையனைக் கேக்குற மாதிரி."

ஒரு நாள் அவர் முகம் கழுவப் போனபோது பூட்டு மேசைமேல் கிடந்தது. அவள் கையில் எடுத்தாள். இரும்புச் சுவிட்சின் துளைக்குள் தினமும் நுழைந்து வருகிற வளையம் அது. நுழைகிற இடத்தில் வண்ணம் உரிந்து உள்ளே உலோகம் தெரிய வேண்டும். அவளுடைய பூட்டு அப்படித்தான் இருந்தது. இது கடையிலிருந்து வாங்கி வந்தபடியே பளபளத்தது. ஒரு கீறல் இல்லை.

அவள் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவர் கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலேயே போனாள்.

நீலக் கட்டடம். கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் சித்தப்பாவின் செருப்பு ஜோடியாக இருந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே இறங்கியவர் கதவைச் சாத்திக்கொண்டால்தான் லிஃப்ட் ஓடும். கதவுக்கு மேலே எண்கள் மாறிக்கொண்டிருந்தன. மூன்று. இரண்டு.

அவள் படிக்கட்டுக்கு அடியில் இருந்த மீட்டர் அறைக்கு ஓடினாள். மெயினைக் கீழே இழுத்தாள். பூட்டினாள். திரும்பி வந்து, கையில் இருந்த சாவியால் லிஃப்ட் கதவைத் திறந்தாள்.

சித்தப்பா குழிக்குள் முதுகைக் காட்டி நின்றுகொண்டு எண்ணெய்த் துணியால், கூண்டு ஓடும் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் கட்டிய விளக்கு சுவரில் ஆடியது. மேலே, பாதி வழியில் நின்றுபோன கூண்டை யாரோ உள்ளிருந்து தட்டினார்கள்.

"யாருங்க அது? கரண்ட் போச்சா?" செயலாளரின் குரல்.

"சித்தப்பா," என்றாள்.

துணி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"சித்தப்பா, வெளிய வாங்க."

அவர் வாய்க்குள் ஏதோ பாட்டை முனகினார். அவள் குரலைக் கூட்டாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரியே கேட்டாள்.

"நான் பேசுறது கேக்குதா உங்களுக்கு?"

"நல்லாவே கேக்குது!" என்று மேலேயிருந்து கத்தினார் செயலாளர். "முதல்ல என்னைக் கீழ இறக்குங்க!"

சித்தப்பா துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் குனிந்து அவர் தோளைத் தொட்டாள். தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். முழங்கை சுவரில் இடித்தது.

"பாப்பா! இப்படியா பயமுறுத்துவ? கதவைச் சாத்து, சாத்து. ஆளுங்க போக வேணாமா?"

"கூண்டு இப்ப எங்க இருக்கு சித்தப்பா?" இந்த முறை உரக்கக் கேட்டாள்.

அவர் கண்ணை மூடினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அப்பாவின் அதே சாய்வு. அந்த ஒரு கணம் அவளால் பார்க்க முடியவில்லை.

"நாலு," என்றார். "இறங்கிட்டிருக்கு."

"ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கேன்யா!" என்றது மேலேயிருந்து வந்த குரல்.

"மெயினை அணைச்சுட்டேன் சித்தப்பா. அப்பவே அணைச்சுட்டேன்."

"அணைச்சியா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே கூண்டின் அடிப்பாகம் இருட்டில் அசையாமல் நின்றது. நெற்றி விளக்கின் வெளிச்சம் அதில் வட்டமாக விழுந்தது. முகம் சுண்டிப்போயிற்று.

அவள் கை கொடுத்தாள். பிடித்துக்கொண்டு ஏறி வந்து படியில் உட்கார்ந்தார்.

"எப்பலேருந்து கேக்கல?" அவர் முகத்தருகே குனிந்து கேட்டாள்.

"எனக்கு வலது காது. போயி ரொம்ப வருஷமாச்சு. இடதும் இப்ப முன்ன மாதிரி இல்ல." கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார். "அண்ணனுக்கு இடது. எல்லாம் அந்த மோட்டார் பக்கத்துலயே கிடந்த பலன். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னா ஒரு முழு ஆளு. அந்தப் பக்கம் அவரு கேப்பாரு, இந்தப் பக்கம் நான். தோள்ல ஒரு தட்டு தட்டினா ஏறுது, ரெண்டு தட்டு தட்டினா இறங்குது. அதுக்காகத்தான் சேந்தே போவோம்."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. காது கேக்காதவனை லிஃப்டுக்கு அடியில விடுவாங்களா? தொழில் போயிடும்ல."

"அன்னைக்கு ஏன் தனியாப் போனாரு?"

"நாளைக்குப் பாக்கலாம்னு நான் சொன்னேன். ரெண்டு இடத்துலயும் வாக்கு குடுத்துட்டேன்னு ஒத்தைக்கால்ல நின்னாரு."

அப்பாவின் திறமை அன்று ஒரு கணம் தவறிவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். திறமையே இல்லை. பாதிச் செவிடர்கள் இரண்டு பேர், ஊருக்கும் வீட்டுக்கும் தெரியாமல் ஒரு மனிதனைக் கட்டிச் சேர்த்து வைத்திருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் செத்த பிறகும் இன்னொருவர் பாதியை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். காது வேண்டாமலே குழிக்குள் வேலை செய்ய வழி பண்ணுவது அவள் படித்த படிப்புக்கு அரைநாள் வேலை. ஒரு சுவிட்ச், ஒரு விளக்கு, ஒரு பூட்டு. அவர்கள் வாயைத் திறந்திருந்தால் போதும்.

"இப்ப அந்தப் பக்கம் யாரு கேட்டாங்க சித்தப்பா? அப்பா போன பிறகு இத்தனை நாளா யாரு தட்டினாங்க?"

அவர் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மேலே தட்டுகிற சத்தம் உதைக்கிற சத்தமாக மாறியிருந்தது. அவள் குழிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் பூட்டைத் திறந்து மெயினைப் போட்டாள். லிஃப்ட் மெல்ல இறங்கி வந்து நின்றது. செயலாளர் வியர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வந்தார்.

"உங்க அப்பா இருந்திருந்தா என்னை இப்படி நடுவுல தொங்க விட்டிருப்பாரா?"

"விட்டிருக்க மாட்டாரு. அதனாலதான் அவரு இல்ல."

செயலாளர் அவளை விட்டுவிட்டு சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது. "ஐயா, இந்தப் பொண்ணோட சரிப்பட்டு வராது. நீங்க தனியா வாங்க. ஒப்பந்தத்தை உங்க பேருக்கே மாத்தித் தர்றோம். அண்ணன் மாதிரியே நடத்துங்க. பக்கத்துக் கட்டடத்துலயும் நான் சொல்றேன்."

"அவருக்குக் கேக்கலைன்னு இப்பதானே பாத்தீங்க?" என்றாள் அவள்.

"வயசானா யாருக்குத்தான் கேக்குது? வேலை தெரியுதா இல்லையா, அதுதான் விஷயம்."

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க அண்ணனுக்குப் பின்னால் பை தூக்கியவர். பலகையில் பேர் வந்ததில்லை. ஊர் அவரை 'லிஃப்ட்காரர் தம்பி' என்றுதான் கூப்பிட்டது. இப்போது அவர் பேருக்கு ஒரு கட்டடம் கிடைக்கிறது. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது.

"நான் வேணும்னா..." என்று ஆரம்பித்தார்.

அவள் படிக்கட்டில் ஏறினாள். முதல் திருப்பத்தில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மேல்மாடிவரை கேட்கிற மாதிரி கத்தினாள்.

"எல்லாரும் கேளுங்க! என் சித்தப்பாவுக்குக் காது கேக்காது!"

கதவுகள் திறந்தன. கைப்பிடிகளுக்கு மேலாகத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"எங்க அப்பாவுக்கும் கேக்கல! உங்க லிஃப்டுக்கு அடியில நின்னு, கேக்காமத்தான் செத்தாரு! இப்ப இவரை இறக்கப் பாக்குறீங்க. இறக்குங்க. ஆனா நாளைக்கு இவரை வெளிய எடுக்கப்போறது யாருன்னு இப்பவே சொல்லிடுங்க. போன தடவை நான் வந்து எடுத்தேன். இந்தத் தடவை வரமாட்டேன். யாரு எடுக்குறீங்க? கையைத் தூக்குங்க!"

ஒரு கையும் எழவில்லை. அங்கேயே குடியிருந்த ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். எங்கோ ஒரு கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

"பாப்பா, போதும்," என்றார் சித்தப்பா. இந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது. அவர் முகம் அறை வாங்கியவரின் முகமாக இருந்தது. "என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டியே."

"இன்னும் முடியல. ஒவ்வொரு கட்டடத்துக்கும் போகப்போறேன்."

போனாள். ஊர் முழுக்கத் தமுக்கடித்தாள். காவலாளிகளிடம் சொன்னாள், செயலாளர்களிடம் சொன்னாள், உதிரிபாகக் கடைக்காரரிடம் சொன்னாள், பெரிய கம்பெனிக்காரர்களிடம்கூடச் சொன்னாள். சித்தப்பாவை யாரும் எந்தக் குழிக்கும் அழைக்க முடியாதபடி செய்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

"உன் அப்பாவோட பொறந்தவருடி. ஊர் முன்னாடி அவரு மானத்தை வாங்கிட்டியே," என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மானத்தை மட்டும்தானே வாங்கினேன்."

நீலக் கட்டடம் பெரிய கம்பெனிக்குப் போயிற்று. அந்தக் கம்பெனி வந்த முதல் வேலையாக முழுநாளும் லிஃப்டை நிறுத்தியது. யாரும் வாயைத் திறக்கவில்லையாம். பெரிய கம்பெனி நிறுத்தினால் அது முறை. லிஃப்ட்காரர் மகள் நிறுத்தினால் திமிர். அதைக் கேள்விப்பட்ட அன்று அவள் கடையில் ஒரு ஸ்பேனரைச் சுவரில் விட்டெறிந்தாள். காரை பெயர்ந்தது.

சித்தப்பா கொஞ்ச நாள் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார். பிறகு ஒரு காலையில் கடைக்கு வந்தார். அவளைப் பார்க்கவில்லை. பின்பக்கம் இருந்த நீள மேசையில் உட்கார்ந்து, பழுதுக்கு வந்திருந்த கதவுப் பூட்டு ஒன்றைப் பிரித்தார். அவள் அடுத்ததைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். அன்றிலிருந்து அந்த மேசை அவருடையது. குழிக்குள் இப்போது அவள்தான் இறங்குகிறாள், பூட்டின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு. சித்தப்பா அவளோடு பேசுவதில்லை. சந்தேகம் இருந்தால் கடை வேலைக்காரனைக் கூப்பிட்டு, "அந்தம்மாகிட்ட கேளு" என்பார். அந்தம்மா நாலடி தள்ளி நிற்பாள்.

அம்மா டீ கொண்டுவந்தாள். அவர் அம்மாவின் பக்கம் சாய்ந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணி, உங்க பொண்ணு மனுஷ ஜென்மமே இல்ல. அண்ணன் இருந்திருந்தா இவளைக் கடை வாசல்ல கால் வைக்க விட்டிருப்பாரா?"

எதிர்க் கடையில் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சங்கடத்தோடு மகளைப் பார்த்தாள்.

மகள் கட்டுப்பாட்டுப் பெட்டியில் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று முறுக்கினாள். பிறகு திரும்பாமலே, கடை அதிரக் கத்தினாள்.

"டீ ஆறுது சித்தப்பா!"

அவருக்குக் கேட்டது. கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.